பின் சீட்டைப் பற்றி நான் எழுதிய கமெண்ட்

அந்த ரிவ்யூ வெளிவந்த அன்று காலை நான் பல்கூடத் துலக்கவில்லை. போனை எடுத்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் குவிந்து கிடந்தன. யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. கார்களை ஓட்டிப் பார்த்து வீடியோ போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் சென்னைக்காரர் ஒருவர், எங்கள் வண்டியைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருந்தார். அதற்குத்தான் இந்த அமளி.

எங்கள் வண்டி என்றால், நாங்கள் ஆளுக்கொன்று வைத்திருந்த கார்; அந்த ஒரே மாடலை வாங்கிய புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து வைத்திருந்ததுதான் அந்தக் குழு. சர்வீஸுக்கு எங்கே விடலாம், டயர் எங்கே நியாயமாகக் கிடைக்கும் என்று பேசிக்கொள்ளத் தொடங்கியது. போகப்போகக் காலை வணக்கமும் பிள்ளையார் படமும் அதில் வர ஆரம்பித்தன. மாடலின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டைக்கு எனக்கு இனி தெம்பில்லை.

வீடியோவில் அந்த மனிதர் எஞ்சினைப் பாராட்டினார். ஸ்டியரிங்கைப் பாராட்டினார். நெடுஞ்சாலையில் வண்டி ஒட்டிக்கொண்டு போகிறது என்றார். நான் தலையாட்டிக்கொண்டே பார்த்தேன். அப்புறம் சாவியைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். ஒரு நாள் முழுக்கப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இறங்கினார்.

"இந்த வண்டி ஓட்டறவருக்காகச் செஞ்சது. பின்னால உக்கார்றவங்கள யாரும் நெனச்சே பாக்கல. வேகமாப் போனா தெரியாது. ஊருக்குள்ள மெதுவாப் போறப்போ சின்னப் பள்ளம்கூட நேரா இடுப்புல வந்து அடிக்குது. வீட்ல வயசானவங்க, முடியாதவங்க இருந்தா, அவங்கள பின்னால உக்கார வச்சு ஒரு ரவுண்டு போங்க. எப்படி இருக்குன்னு அவங்களையே கேளுங்க. கேட்டுட்டு அப்பறம் வாங்குங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என்னையே நேரில் திட்டியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. முப்பது வருடம் அரசு வேலையில் ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஓட்டியவன் நான். மழையில் என் மனைவி பின்னால் உட்கார்ந்து, என் முதுகில் முகத்தை வைத்து, எனக்கும் சேர்த்துக் குடை பிடித்தபடி வந்திருக்கிறாள். ஓய்வுபெற்ற கையோடு வாங்கிய முதல் கார் அது. பிள்ளையார் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டு, முன் சீட்டில் அவளை உட்கார வைத்துக் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று வந்தேன். அன்றைக்கு அவள் கண்ணாடியை இறக்கச் சொல்லவே இல்லை. ஏசி போய்விடுமாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வண்டியை நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே கொஞ்சினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் அன்று நடந்ததைச் சண்டை என்று சொல்வது குறைவு. பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். காலையில் வயலைப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கு டவுனில் கம்பெனி வேலைக்கு வருபவர். அவர் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "என் வண்டில பின்னால உர மூட்டதான் போவுது. இதுவரைக்கும் ஒரு மூட்ட வாயத் தொறந்து குறை சொன்னதில்ல. இவனுக்கு இன்னா வந்துச்சாம்?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை இரண்டு முறை போட்டுக் கேட்டுச் சிரித்தேன்.

கதிர்காமத்தில் இருக்கும் ஒரு டீச்சர் மட்டும் எதிராக எழுதினார். ரிவ்யூவில் சொன்னது உண்மை, என் மாமியார் இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்கிறார், ஆட்டோவே தேவலாம் என்கிறார் என்று. நான் விடுவேனா? மாமியார் மருமகள் பஞ்சாயத்தை வண்டியின் தலையில் கட்டாதீர்கள் என்று பதில் போட்டேன். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. டீச்சர் அதற்கப்புறம் ஒன்றும் எழுதவில்லை. வாயை அடைத்துவிட்டேன் என்று அன்று முழுக்க ஒரு மிதப்பில் இருந்தேன்.

குழுவை நடத்தியவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பிரான்சின் பென்ஷனில் வாழ்பவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் நடுவில் ஒரு பிரெஞ்சு வார்த்தை வரும். "அலோர், ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க. அவன் ஒரு நாள் பூரா பின்னால உக்காந்து பாத்திருக்கான். அதையும் நெனைங்க" என்றார். அவரைப் பாதி பிரான்ஸ்காரர் என்று கேலி செய்து ஒதுக்கிவிட்டோம்.

என் மனைவி அப்போது நோயில் இருந்தாள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

எட்டு மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். வெளியூர்க்காரர்கள் விடிவதற்கு முன்பே பஸ் பிடித்து வந்து, வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். நமக்கு வண்டி இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு நிம்மதி வரும். நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன நாளில், "இடுப்பெலும்புதான் ரொம்ப பாதிச்சிருக்கு. அதிகம் குலுங்காம கூட்டிட்டு வாங்க" என்றும் சொன்னார். "நம்ம வண்டி குலுங்கவே குலுங்காது டாக்டர்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு வண்டிப் பெருமை.

முன் சீட்டில் பெல்ட் அவள் வயிற்றில் அழுத்தியது. அதனால் பின்னால் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியை அவள் முகம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன். ஒரு கையால் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்திருப்பாள். கண்கள் மூடியிருக்கும். உதடு மட்டும் அசையும். சாமி பெயரைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

"வலிக்குதா?" என்பேன்.

"இல்லீங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்பாள்.

ஒருநாள் வீட்டிலிருந்து இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள். மஞ்சள் உறை, அதில் சிவப்புப் பூ. அதை இடுப்புக்குக் கீழே வைத்து உட்கார்ந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அது வண்டியிலேயே இருந்தது. சொல்லக்கூடாதுதான், ஆனாலும் எனக்கு அந்தத் தலையணையைப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சல்தான். நல்ல சீட்டின் மேல் அழுக்குத் தலையணை எதற்கு என்று தோன்றும்.

ரிவ்யூ வந்த அன்று சாயங்காலம் அந்த வீடியோவுக்குக் கீழே நான் ஒரு கமெண்ட் எழுதினேன். அரைமணி நேரம் எடுத்து, அடித்துத் திருத்தி எழுதினேன். அவள் பக்கத்து அறையில் படுத்திருந்தாள். நான் எழுதியது இது: "ஐயா, என் மனைவி கடுமையான நோயாளி. எட்டு மாதமாக இதே வண்டியின் பின் சீட்டில்தான் மருத்துவமனைக்கு வருகிறார். ஒரு நாளும் ஒரு குறையும் சொன்னதில்லை. உங்கள் ஒரு நாள் அனுபவம் பெரிதா, ஒரு நோயாளியின் எட்டு மாத அனுபவம் பெரிதா? மனசாட்சியோடு பேசுங்கள்."

மறுநாள் பார்த்தால் எல்லா கமெண்ட்டுகளுக்கும் மேலே அதுதான் நின்றது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் "சரியான பதிலடி" என்று எழுதியிருந்தார்கள். அம்மா நலம் பெறட்டும் என்று கை கூப்பியிருந்தார்கள். அந்த ரிவ்யூக்காரரும் ஒரு பதில் போட்டிருந்தார். "உங்கள் மனைவி விரைவில் குணமாக வேண்டுகிறேன். ஒரே ஒரு கேள்வி சார். நீங்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்தீர்களா?"

என் வண்டியில் நான் எதற்குப் பின்னால் உட்கார வேண்டும்? வண்டிக்குச் சொந்தக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அவள் அறைக்குப் போய் போனை நீட்டி, "இந்த ஆளோட திமிரப் பாத்தியா?" என்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். என் கமெண்ட்டையும் படித்தாள். கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"விடுங்க. அவரு வேலைய அவரு செய்றாரு. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள்.

நான் விடவில்லை. குழுவில் பேசி, நாமே ஒரு பதில் வீடியோ எடுத்துப் போடுவது என்று முடிவானது. ராத்திரியில் வண்டிகளுக்கு அடைத்துவைக்கும் கடற்கரைச் சாலையை ஞாயிற்றுக்கிழமை காலை திறந்துவிட்டதும், பழைய துறைமுகம் பக்கம் ஏழெட்டு வண்டிகளைக் கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தினோம். பாகூர்க்காரர் உர மூட்டை வாடை போகப் பின் சீட்டில் செண்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தார். என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கும் கடலைப் பார்த்து மாசக் கணக்காகியிருந்தது. கிளம்பும்போது தலையணையைப் பார்த்தேன். வீடியோவில் அது தெரிந்தால் நன்றாயிருக்காது. எதற்குத் தலையணை என்று எவனாவது கேட்பான். எடுத்து டிக்கிக்குள் போட்டு மூடினேன். நான் மூடுவதை அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாகூர்க்காரர்தான் போனில் படம் எடுத்தார். எங்கள் வண்டியின் பின் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்து, "சொல்லுங்கக்கா, பின் சீட்டு எப்டி இருக்குது?" என்றார். அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். முடியெல்லாம் கொட்டியிருந்தது. கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். சொல்தா மட்டும் தட்டவில்லை. அவளுக்கு ஒரு இளநீர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவள் நன்றி சொன்னாள். அவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன். அன்று அவள் உதடுகள் அசையவில்லை. பல்லைக் கடித்திருந்தாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சக்கர நாற்காலி கொண்டுவந்து, இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். நோய் முற்றுகிறது என்றுதான் நினைத்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்து, மருந்துப் பையை வைக்க டிக்கியைத் திறந்தால், உள்ளே மஞ்சள் உறைத் தலையணை கிடந்தது.

"இது இல்லாமயா வந்த? ஏன் கேக்கல?" என்றேன்.

"நீங்கதான எடுத்து வச்சீங்க. ஏதோ காரணமாத்தான் வச்சிருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

"வாய் இருக்குல்ல? கேக்க வேண்டியதுதான?" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை பேர் பார்க்க, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளிடம் கத்தினேன். அவள் கையை நீட்டித் தலையணையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் நான்தான் உம்மென்று இருந்தேன். அவள் எப்போதும் போல ராத்திரிக்கு இன்னா செய்யலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். சமைப்பது நான்தான் என்றாலும் கேட்பது அவள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் இருந்தாள். மழை விட்டிருந்த ஒரு காலையில், நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள். டம்ளரைக் கையில் வைத்தபடி அவளை எழுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் காபி சாயங்காலம்வரை ஜன்னலில் இருந்தது. யாரோ எடுத்துக் கழுவினார்கள்.

மறுநாள் பால் தெளிப்பு. கருவடிக்குப்பம் சுடுகாட்டில் எலும்பைப் பொறுக்கிச் சட்டியில் போட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி என் கையில் கொடுத்தார்கள். வைத்திக்குப்பம் கடற்கரையில் கரைக்க வேண்டும். நான் பழக்கத்தில் சட்டியோடு போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். சொல்தா வந்து என் தோளைத் தொட்டார்.

"தம்பி, இன்னிக்கு நீங்க ஓட்ட வேணாம். சாவியக் குடுங்க" என்றார்.

என் மைத்துனர் பூவும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறிவிட்டிருந்தார். எனக்குப் பின் சீட்டுதான் மிச்சம். இடது பக்கம் ஏறினேன். சட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். வாங்கி மூன்று வருடம் ஆன வண்டியில் நான் பின்னால் உட்காருவது அதுதான் முதல் தடவை. முன்னால் உட்கார்ந்தால் சாலை விரிந்து தெரியும். இங்கே உட்கார்ந்தால் முன் சீட்டின் முதுகுதான் தெரிகிறது.

வண்டி நகர்ந்தது. சுடுகாட்டு வாசலில் மழை அரித்த ஒரு சின்னப் பள்ளம். ஸ்கூட்டரில் போனால்கூடப் பொருட்படுத்த மாட்டோம், அவ்வளவுதான் ஆழம். அதில் சக்கரம் இறங்கியது. அடி நேராக என் இடுப்பில் வந்து விழுந்தது. மடியில் சட்டி துள்ளியது. உள்ளே எலும்புகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

"அண்ணே, மெதுவா" என்றேன்.

"மெதுவாத்தான் போறேன் தம்பி. இருபதத் தாண்டல."

அடுத்தது ஒரு வேகத்தடை. முன் சக்கரம் ஏறி இறங்கியதும் முடிந்தது என்று நினைத்தேன். பின் சக்கரம் ஏறி இறங்கும்போதுதான் அடி வந்தது. சட்டியை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டேன். அதற்கடுத்த வேகத்தடை வருவதற்கு முன்பே என் உடம்பு விறைத்துக்கொண்டது. எத்தனை மிச்சமிருக்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. ஒன்று முடிந்தது, இன்னொன்று, இன்னொன்று. என் உதடு அசைந்துகொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அவள் சாமி பெயர் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். சாரத்திலிருந்து கோரிமேடு வரைக்கும், போகும்போதும் வரும்போதும்.

வலது கையால் சட்டியை அணைத்துக்கொண்டு, இடது கையால் கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தேன். பிளாஸ்டிக்காக இருக்க வேண்டியது மெத்தென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவளுடைய பழைய பருத்திப் புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, கைப்பிடியில் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். சாம்பல் நிறப் புடவை. வண்டியின் கூரை நிறத்தோடு ஒட்டிப்போய்க் கண்ணுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியக்கூடாது என்றே அந்த நிறத்தைத் தேடி எடுத்திருப்பாள். அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில் கை காய்த்துப்போயிருக்கும், அதற்குத்தான் துணி. துணியில் தைல வாசனை இன்னும் இருந்தது.

"நிறுத்துங்க" என்றேன். கத்தினேன் என்று மைத்துனர் பிறகு சொன்னார். சொல்தா ஓரமாக நிறுத்தினார். நான் அழுதேன். அவள் போன அன்று அழாதவன், ஈசிஆர் ஓரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து, சட்டியின் மேல் நெற்றியை வைத்து அழுதேன். அவர்கள் இரண்டு பேரும் முன் சீட்டில், பின்னால் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இருந்தபோது நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

கடலில் கரைத்துவிட்டு வந்தபோது வண்டியில் ஏற முடியவில்லை. ஈர வேட்டியோடு சாரம் வரைக்கும் நடந்தேன். சொல்தா வண்டியை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு என்னோடு நடந்து வந்தார். வழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அன்னிக்கு அந்தம்மா சொல்லும்போதே எனக்குத் தெரிஞ்சுது. உங்க சந்தோஷத்தக் கெடுக்க வேணாம்னு இருந்துட்டேன். பர்தோன் தம்பி, மன்னிக்கணும்." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எல்லோருமே என் சந்தோஷத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

துக்கம் கேட்க டீச்சரும் வந்தார். எழுந்து நின்று, "உங்க மாமியார் சொன்னது சரிதாங்க. என்னய மன்னிச்சுக்கங்க" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும், "ஐயோ சார், அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் அந்த வீடியோவைத் திறந்தேன். என் கமெண்ட் அப்போதும் மேலேயே இருந்தது. "அம்மா இப்போ எப்படி இருக்காங்க?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். ஒரு நாளும் ஒரு குறையும் சொன்னதில்லை என்ற வரியை மறுபடி படித்தேன். பாகூர்க்காரர் மூட்டையைப் பற்றிச் சொன்னதும் இதே வரிதான். அவர் சிரிக்கச் சொன்னார். நான் சாட்சியாக எழுதியிருக்கிறேன். மூட்டைக்கும் மனைவிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கமெண்ட்டை அழித்தேன். அழித்து என்ன, படித்தவர்கள் படித்துவிட்டார்கள்.

அப்படிப் படித்தவர் ஒருவர் அடுத்த வாரம் கூப்பிட்டார். குழுவில் யாரிடமோ என் நம்பரை வாங்கியிருக்கிறார். வில்லியனூர்க்காரர், குரலைக் கேட்டால் நாற்பது வயது இருக்கும்.

"சார், உங்க கமெண்ட்டு பாத்துதான் இந்த வண்டியே வாங்கலாம்னு இருக்கேன். எங்க அம்மாவுக்கு கிட்னி ஃபெயிலியர் சார். வாரத்துல மூணு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டினு போவணும். பஸ்ல ஆவல. இப்ப தேடனா உங்க கமெண்ட்டக் காணோம். அதான் உங்களயே கேட்டுடலாம்னு."

"அம்மாவ உக்கார வச்சுப் பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்துட்டேன் சார். ரிவ்யூல சொன்ன மாதிரியே ஷோரூமுக்குக் கூட்டினு போயி, பின்னால உக்கார வச்சு ஒரு ரவுண்டு வந்தோம். எப்டிம்மா இருக்குதுன்னு கேட்டேன். நல்லாத்தான் இருக்குதுன்னாங்க."

அதே வார்த்தை. அந்த ரிவ்யூக்காரர் சொன்னதெல்லாம் சரி, ஒரே ஒரு இடத்தில்தான் தப்பு. முடியாதவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள் என்றார். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், ஊருக்கே சொன்னார். அவருக்குச் சொல்வதுதான் வேலை. நம் வீட்டில் இருப்பவர்கள் வேறு மாதிரி.

"யாரு ஓட்னது?" என்றேன்.

"நான்தான் சார்."

"நாளைக்கு இன்னொரு வாட்டி போங்க. நீங்க ஓட்டாதீங்க. ஷோரூம் ஆள ஓட்டச் சொல்லுங்க. நீங்க பின்னால உக்காருங்க. இடது பக்கமா. அம்மாவ எந்த ரோட்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்களோ, அதே ரோட்ல போங்க. மெதுவாப் போவச் சொல்லுங்க."

"சரி சார். அம்மாவையும் கூட்டினு போயி இன்னொரு தடவ கேட்டுக்கவா?"

"வேணாங்க. அவங்கள கேக்காதீங்க. நீங்க உக்காந்து பாருங்க, போதும்."

வெளியே எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது. பின் கதவுக்கு மேலே இருந்த அந்தப் புடவைத் துண்டை நான் அவிழ்க்கவில்லை.

"உங்க வீட்டம்மா இப்ப எப்டி இருக்காங்க சார்?" என்று கேட்டார்.

"அவங்க இல்லீங்க" என்றேன். "அவங்க போனதுக்கு அப்பறம்தான் நான் அந்த சீட்ல உக்காந்தேன்."